லேடீஸ்ல எட்டோட முடிஞ்சிரும்

என் செருப்பு சைஸ் ஒன்பது. இதை வெளிப்படையாக எழுத எனக்கு முப்பத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது. ஓர் ஆண் ஒன்பது கேட்டால் எந்தக் கடையிலும் அடுத்த நிமிடம் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். நான் கேட்டால் கடைப்பையன் முதலில் என் முகத்தைப் பார்ப்பான், அப்புறம் காலைப் பார்ப்பான், அப்புறம் முதலாளியைப் பார்ப்பான். முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "இல்லம்மா, லேடீஸ்ல எட்டோட முடிஞ்சிரும்."

சின்னசேலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளில் இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கள்ளக்குறிச்சியில் கேட்டிருக்கிறேன், ஆத்தூரில் கேட்டிருக்கிறேன். சேலத்தில் ஏசி போட்ட கடையிலும் அதே வாக்கியம்தான், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து. எட்டோடு முடிந்துவிடும் என்று சொன்னது யார்? கடவுளா, மழையா? ஏதோ இயற்கை நியதி போல அதைச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். இந்தக் கட்டுரை அந்த எரிச்சலில் எழுதப்படுவது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடைக்காரர் மேல் கோபம் இல்லை. அவருக்கு மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு செட்டாக வருகிறது. பெண்கள் செட் என்றால் பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு வரை. நடு சைஸ்கள் கூடுதலாக இருக்கும், ஓரத்து சைஸ்கள் ஒன்றிரண்டு. ஒன்பது மட்டும் தனியாக ஒரு ஜோடி வேண்டுமென்று அவர் கேட்டால் யார் தருவார்கள்? முந்நூறு ரூபாய்ச் செருப்பில் அவருக்கு மிஞ்சுவதே கொஞ்சம். விற்காத ஜோடி ஒரு வருஷம் பரணில் கிடந்தால் பசை விட்டுப்போகும்.

ஆனால் "அந்த சைஸ் இங்க ஓடாது" என்று அடுத்து ஒன்று சொல்கிறாரே, அங்கேதான் சண்டை. வைக்காத சரக்கு ஓடாதுதானே? ஒன்பது கேட்டு வந்தவள் வெறுங்கையோடு திரும்பிப் போனது எந்தக் கணக்கிலும் ஏறாது. எட்டை வாங்கிப் பின்னங்கால் வெளியே தொங்க நடப்பவள் கணக்கில் "எட்டு வாங்கியவள்". ஆண்கள் செருப்பை வாங்கிப் போட்டுக்கொள்பவள் "ஆண் வாடிக்கையாளர்". எங்களை இப்படிக் கணக்கிலிருந்து அழித்துவிட்டு, கணக்கில் நீங்கள் இல்லையே என்று எங்களிடமே சொல்வது என்ன நியாயம்?

"ஆம்பள செருப்பையே போட்டுக்கயேன்" என்று அத்தை சொல்லும். பத்து வருஷம் போட்டேன். நீளம் ஒத்துவரும், குதிகால் ஒத்துவராது. ஒரே நீளமுள்ள காலிலும் பெண்களுக்குப் பொதுவாகக் குதிகால் ஒடுக்கம். ஆண்களின் செருப்பில் அது பின்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், விரல்கள் முன்னால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்லூரியில் ஒருத்தி "யாரு செருப்பு, உங்க அண்ணனதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து செருப்பை வகுப்பறை வாசலில் மற்றவர்களுடையதோடு சேர்த்து விடமாட்டேன். தள்ளி, தூணுக்குப் பின்னால் விடுவேன். பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் செருப்பை எடுத்துக் கொல்லைப்புறத்தில் வைத்தாள். எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். ஐந்து, எட்டு, ஒன்பது என்று நாம் சொல்வது இங்கிலாந்தின் அளவு. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம், சுமார் எட்டரை மில்லிமீட்டர். அந்தக் காலத்தில் அங்கே ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்து வந்த கணக்கு அது. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் நம் கால்களை அவன் ஊர்த் தானியத்தில்தான் அளந்துகொண்டிருக்கிறோம்.

இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அதில் தெரிந்தது. அகலம் போதாததால்தான் நம் ஆட்கள் தேவைக்கு அதிக நீளமான சைஸை வாங்குகிறார்கள் என்பதும் தெரிந்தது. 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று ஓர் அளவுமுறையைப் பரிந்துரைத்தார்கள்.

எனக்கு அதைப் படித்தபோது அம்மா ஞாபகம்தான். மக்காச்சோளக் காட்டில் வெறுங்காலோடு வளர்ந்தவள். சின்ன வயசில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு முன்பாதம் அகன்றிருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவளுக்கு நீளம் ஆறுதான், அகலத்துக்காக எட்டு வாங்குவாள். இப்போது சர்க்கரை நோய் வேறு. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் செருப்பு கடித்தால் தெரியாது. போன வருஷம் சுண்டுவிரல் ஓரம் புண்ணாகி, ஆற இரண்டு மாதம் ஆனது. மைக்ரோ ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு போடச் சொன்னார் டாக்டர். அதிலும் அவள் அகலத்துக்குக் கிடைக்கவில்லை. அழகுக்காக அலைகிறோம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆன்லைன்ல வாங்குங்களேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஒன்பது இருக்கிறது. சின்னசேலம் கடையில் எட்டாம் நம்பர்க்காரி முந்நூறு ரூபாயில் முடிக்கும் வேலைக்கு எனக்கு ஆயிரத்து எண்ணூறு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றார்கள். நல்லதுதான். அதற்கு முன்பு ஆயிரம் ரூபாய் வரை 12, அதற்கு மேல் 18. அதாவது மலிவுச் செருப்பே கிடைக்காத சைஸில் பிறந்ததற்காக இத்தனை காலம் வரியும் கூடுதலாகக் கட்டியிருக்கிறேன்.

இனிமேல்தான் வேடிக்கை. 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர் நிறுவனத்தோடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை. எங்கே? எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை சிப்காட்டில். பௌ சென் என்றால் நைக்கி, அடிடாஸுக்கெல்லாம் ஷூ செய்து கொடுக்கும் குழுமம். செய்யாறில் இன்னொரு தைவான் குழுமம் பல வருஷமாக நைக்கிக்கு ஷூ தைக்கிறது. வேலை வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த மாவட்டத்துப் பெண்கள் தைக்கும் பெண்கள் ஷூவில் ஒன்பதும் இருக்கும். அது எங்கள் நெடுஞ்சாலை வழியாகவே துறைமுகத்துக்குப் போகும். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று "எட்டோட முடிஞ்சிரும்" கேட்டுக்கொண்டிருப்பேன்.

நிலமும் தண்ணீரும் சலுகையும் கொடுக்கும் அரசு, உள்ளூருக்கு ஒரு விற்பனைக் கூடம் வை, எல்லா சைஸும் எல்லா அகலமும் வை என்று ஒரு நிபந்தனை போடக்கூடாதா? பெட்டியின் மேல் லேடீஸ், ஜென்ட்ஸ் என்று அச்சடிப்பதற்குப் பதில் நீளமும் அகலமும் இத்தனை மில்லிமீட்டர் என்று அச்சடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

"நாட்டுல எவ்வளவோ பிரச்சினை, செருப்புக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இந்த மண்ணில் செருப்பு என்றைக்கும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. சில தெருக்களில் சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. காலைப் பேப்பரில் வைத்து வரைந்து அளவெடுத்துத் தைத்தவரை அந்தத் தொழிலுக்காகவே ஊருக்கு வெளியே வைத்தோம். அதனால் பழையபடி தைத்துக்கொள்ளும் காலமே பொற்காலம் என்று நான் பாடமாட்டேன். யார் காலில் செருப்பு இருக்கலாம் என்று ஊர் முடிவுசெய்த இடத்தில் இன்று சந்தை முடிவுசெய்கிறது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. அது திட்டமிட்ட கொடுமை, இது அலட்சியம். ஆனால் அலட்சியத்தையும் யாரோ ஒருவர் கேட்டால்தான் நிறுத்துவார்கள்.

செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று ஒரு பழமொழி உண்டு. நம் வீட்டுப் பெண்கள் அதைத்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறோம், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு.

போன வாரம் அதே கடைக்குப் போனேன். அதே பதில். இந்தமுறை நான் நகரவில்லை. "அண்ணே, நான் கேட்டேன்னு எழுதி வைங்க" என்றேன்.

"எழுதி என்னம்மா பண்ண?"

"எழுதுங்கண்ணே. மொத்தக் கடைக்காரர் வரும்போது காட்டுங்க."

சிரித்துக்கொண்டே ஓர் அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து 'லேடீஸ் 9' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். கொஞ்சம் யோசித்தார். "கச்சிராயபாளையத்துலேர்ந்து ஒரு டீச்சரம்மா கூடக் கேட்டாங்க" என்று இன்னொரு கோடு போட்டார். பையன் உள்ளேயிருந்து, "அந்த நர்ஸக்கா?" என்றான். மூன்றாவது கோடு.

செருப்பு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்பேன். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள், கேட்டதை எழுதச் சொல்லுங்கள்.