வாய்ச்சொற் பங்கீடும் வழக்கு முதுசமும்

"கூடப்பிறந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு?" என்று பெருமையோடு கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் உளர். பாசத்தின் குரல்போல அது ஒலிக்கிறது. ஆனால், அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் காணியை ஆண்டு அனுபவிப்பவரே என்பதைக் கவனியுங்கள்.

எட்டுப் பரப்புத் தோட்டக்காணி, அதாவது அரை ஏக்கர், நான்கு பிள்ளைகளுக்கு முதுசமாக இறங்குகிறது. அவர்களுக்கும் நந்நான்கு பிள்ளைகள் என்றால், அடுத்த தலைமுறையில் உரித்தாளிகள் 16 பேர். ஆளுக்குப் பிரிபடாத 1/16 பங்கு. கணக்கில் அரைப் பரப்பு. மண்ணில் அது எங்கே? ஒருவராலும் காட்ட முடியாது. வேலி அடைத்தவன் விளைவிக்கிறான். ஏனையோர் பின்னத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றனர்.

காணியின் உரிமை கைமாறுவதற்கு, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாக எழுதிய உறுதி வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. உறுதியில் இணங்காதவர்களுக்கு எஞ்சுவது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழான வழக்கு. அங்கே உரித்தாளிகள் அனைவரையும் சேர்க்க வேண்டும். இறந்தவருக்குப் பதிலாக அவர் வாரிசுகள் வரவேண்டும். பிரிக்க இயலாத நிலம் ஏலத்துக்கும் போகலாம். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் முதுசம் வழக்குத்தானா?

இணங்கி எழுதும் பங்கீட்டு உறுதி இதனைத் தடுக்கும். உரித்தாளி ஒருவரும் விடுபடலாகாது. கடல் கடந்தவர் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். நில அளவையாளரின் படத்தில் ஒவ்வொரு துண்டும் தெளிவாக வேண்டும். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுத்தில் ஏறவேண்டும். ஏற்றத்தாழ்வைப் பணத்தால் ஈடுசெய்து, உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும்.

ஆயினும் எழுத்து மட்டும் நீதியாகிவிடாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்டது. 1923இல் வந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டமோ, தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழ்ப் பெண்ணைப் படலைக்கு வெளியே நிறுத்தியது. இச்சூழலில், "சீதனம் வாங்கினாயே, இதிலே கையெழுத்தை வை" என்று சகோதரியிடம் நீட்டப்படும் தாள் பங்கீடன்று, பறிப்பு.

ஆசிரியர்களே, மாணவர்களே! ஊரிலே உறுதியை வாசித்துக் காட்டவும் சாட்சிக் கையெழுத்துக்கும் அழைக்கப்படுபவர்கள் நீங்கள். அச்சகோதரி முழு உறுதியையும் கேட்டு, தன் துண்டு எது, அதற்குரிய வழி எது என்று அறிந்துகொள்ளும்வரை பேனாவைத் திறவாதீர்கள்.