யாருடைய உபயம்?

திருவண்ணாமலைக் கோயிலில் குழல்விளக்கு ஒன்று மாட்டினாலும் அதன்மேல் உபயக்காரர் பெயர் எழுதியிருக்கும். பெயர் வெளிச்சத்தை மறைக்கிறதே என்று நானே எரிச்சல்பட்டதுண்டு. ஆனாலும் அங்கே எழுதியிருப்பது மனமொப்பிக் கொடுத்தவர் பெயர்.

பிரிட்டிஷ் விமானப் படையின் 79-வது பிரிவுக்குச் 'சென்னை ராஜதானி' என்று பெயர் வைத்தார்கள். 234, 264 பிரிவுகளுக்கும் அதே பெயர்தான். நாம் கொடுத்த யுத்த நிதிக்கு நன்றியாம்! 79-வது பிரிவு ஓட்டியது ஹரிக்கேன். 1935 நவம்பர் 6-ந் தேதி முதன்முதலில் பறந்த, ஒற்றை இறக்கைச் சண்டை விமானம். எட்டு இயந்திரத் துப்பாக்கி. பின்னுடம்பு மரச்சட்டத்தின்மேல் போர்த்திய துணி! 1942-ல் அந்தப் பிரிவு இந்தியாவுக்கே வந்து, பர்மா முனையில் போரிட்டது.

இதை நம்மவர் சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஹிட்லரை எதிர்த்தது நல்ல காரியம். அந்த விமானிகள் தீரர்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் 1939 செப்டம்பர் 3-ந் தேதி இந்தியாவை யுத்தத்தில் இறக்கியபோது வைஸ்ராய் லின்லித்கோ நம்மை ஒரு வார்த்தை கேட்டாரா? அதற்காகத்தானே அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை விலகியது? பிறகு 1946 வரை கவர்னர் ஆட்சி. சர்க்கார் அதிகாரி நிதிக்கென்று வாசலில் வந்து நின்றால், இல்லையென்று சொல்ல எந்த மிராசுதாருக்குத் துணிவு வரும்? அப்படியிருக்க, மனமொப்பிக் கொடுத்த அந்தச் 'சென்னை ராஜதானி' யார் ஐயா?