பட்டணத்தில் பற்றுப் புத்தகம் இல்லை

சென்ற மாதம் ஒரு தாய் என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். கையில் மகளின் பள்ளி மாற்றப் பாரம். அவர்கள் குடியிருந்த டிவிஷனில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தாகிவிட்டது. கணவருக்குச் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தாமான் ஒன்றில் வாடகை வீடும் பார்த்தாகிவிட்டது. நான் பாரத்தை நிரப்பிக் கொடுக்கும் வரை பேசாமல் இருந்தவர், கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்.

"சார், வேலை கெடச்சிருச்சு, வீடும் கெடச்சிருச்சு. அங்கே சாமான் எங்கே சார் வாங்குறது? சம்பளம் வர்ற வரைக்கும் யாரு சார் குடுப்பா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்வி என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோகும் குடும்பங்கள் எல்லாருக்கும் இந்த இரண்டு கேள்விகளும் உண்டு. ஆகவே இந்த மாதப் பக்கம் அவர்களுக்காக.

நான் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன். என் பெற்றோர் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் தோட்டத்துக் கடையில்தான். அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கும். அம்மா அதை என்னிடம் கொடுத்து அனுப்புவார். கடைக்காரர் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சம்பள நாளன்று அப்பா போய்க் கணக்குத் தீர்ப்பார். தீர்ப்பார் என்று சொல்கிறேனே தவிர, முழுதாகத் தீர்ந்த மாதம் எனக்கு நினைவில்லை.

அந்தக் கடையைக் குறை சொல்லிவிட முடியாது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறையும், சம்பளமும் குறையும். அப்போது அடுப்பு எரிந்ததே அந்தப் புத்தகத்தால்தான். ஆனால் என்ன விலை போட்டார், எத்தனை முறை எழுதினார் என்று நாங்கள் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கணக்கு முழுவதும் கடைக்காரர் கையில் இருந்தது.

பட்டணத்தில் அந்தப் புத்தகம் இல்லை. முகம் தெரியாதவருக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கையில் காசு இருந்தால்தான் சாமான். ஆகவே புதிதாகப் போகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தோட்டத்தை விட்டு வரும்போது கிடைக்கும் பணத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கும் சோபாவுக்கும் முன்பாக, ஒரு மாதச் சாப்பாட்டுக்கான தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். முதல் சம்பளம் கைக்கு வரும் வரை உங்களுக்குத் தோட்டத்துக் கடை அதுதான்.

எதை எங்கே வாங்குவது?

சுங்கைப் பட்டாணிக்குப் புதிதாக வருகிறவர்கள் மணிக்கூண்டை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா நினைவாக லிம் லியன் தெங் என்ற செல்வந்தர் 1936-ல் கட்டிக் கொடுத்தது அது. ஜாலான் இப்ராஹிமில் நிற்கிறது. அதைச் சுற்றிய பழைய கடைவீதிகளில் நம்மவர் மளிகைக் கடைகளைக் காணலாம். மிளகாய், மல்லி, சீரகம், பருப்பு வகைகள், பூசைச் சாமான்கள் ஆகியவற்றை இத்தகைய கடைகளில் வாங்குவதுதான் நல்லது. வேண்டிய அளவுக்கு நிறுத்துத் தருவார்கள். நூறு கிராம் சீரகம் போதுமென்றால் நூறு கிராம்தான் வாங்கலாம். பெரிய பாக்கெட்டை வாங்கிப் பாதியை வண்டுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

மீனுக்கும் கோழிக்கும் காலைப் பசார். விடியற்காலையில் போனால் நல்ல மீனாகப் பார்த்து எடுக்கலாம். பசார் கலையும் நேரத்தில் போனால் விலை குறையும், ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருந்தால் நல்ல மீன்.

மீன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் நல்லது. நம் கூலா மூடா மாவட்டத்திலேயே தஞ்சோங் டாவாயும் கோத்தா கூலா மூடாவும் இருக்கின்றன. தஞ்சோங் டாவாய் நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெயர் பெற்ற இடம். கோத்தா கூலா மூடாவில் 'பசார் பெர்பிசிக்' என்று ஒரு மீன் சந்தை உண்டு. பிசிக் என்றால் கிசுகிசுத்தல். படகு கரைக்கு வந்ததும் வியாபாரிகள் ஒவ்வொருவராக மீன்காரரின் காதோடு தம் விலையைச் சொல்வார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காது. யார் கூடச் சொன்னாரோ அவருக்கு மீன். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்த கரை அது. அத்தனை அழிவுக்குப் பிறகும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

காய்கறிக்குப் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை வசதி. ஒவ்வொரு தாமானுக்கும் ஒரு நாள் என்று வைத்திருப்பார்கள். உங்கள் தாமானுக்கு எந்த நாள் என்று குடிபோன அன்றே அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தைக்குள் நுழைந்ததும் முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள். வெறுங்கையோடு ஒரு சுற்று போய் வாருங்கள். ஒரே கீரைக்கு மூன்று கடையில் மூன்று விலை இருக்கும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்த பிறகு அழைத்துப் போங்கள். பசித்த பிள்ளையோடு இரவுச் சந்தைக்குப் போனால் காய்கறிக் காசு பலகாரத்துக்குப் போய்விடும்.

அரிசி, சீனி, எண்ணெய், பால்மாவு, சவர்க்காரம் இவற்றுக்குப் பேரங்காடி. முன்பு டெஸ்கோ என்றிருந்த பேரங்காடி இப்போது லோட்டசஸ் என்று பெயர் மாறியிருக்கிறது. தாய்லாந்தின் சிபி குழுமம் 2020-ல் அதை வாங்கியது. பேரங்காடியில் விலை ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது. ஆனால் தள்ளுவண்டி பெரியது. அதை நிரப்பச் சொல்லி மனம் சொல்லும். பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று சாமான்தான் வேண்டுமென்றால் தள்ளுவண்டியைத் தொடாமல் கைக்கூடையை எடுங்கள். கூடை கனத்தால் கை சொல்லிவிடும்.

ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டை அரசாங்கம் உதவித் தொகை கொடுத்து 2 வெள்ளி 50 காசுக்கு விற்க வைத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் போத்தல் எண்ணெயின் விலையையும் பார்த்து, எது உங்களுக்குத் தேவை என்று முடிவு செய்யுங்கள். அடையாள அட்டை வழியாகக் கிடைக்கும் சாரா உதவித் தொகை உங்களுக்கு உண்டென்றால், அதைப் பதிவு பெற்ற கடைகளில், குறிப்பிட்ட அடிப்படைப் பொருள்களுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். காசு கொடுக்கும் இடத்தில் போய் நிற்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டியும் கிலோவும்

நம் பெரியவர்கள் இன்னும் கட்டிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். 1972-ல் எடை அளவைச் சட்டம் வந்து, நாடு கிலோவுக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் சில இடங்களில் இன்னும் வாய்ப்பேச்சில் கட்டி விலை சொல்வதுண்டு. ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு கட்டி என்பது ஏறக்குறைய 605 கிராம். ஒருவர் மீனைக் கட்டி 8 வெள்ளி என்கிறார். பக்கத்தில் ஒருவர் கிலோ 12 வெள்ளி என்கிறார். காதுக்கு எட்டு வெள்ளிதான் மலிவாகக் கேட்கும். கணக்குப் போட்டால் கட்டி 8 என்பது கிலோவுக்கு 13 வெள்ளிக்கு மேல் வருகிறது. ஆகவே, "கிலோ என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் பிறகு பையை நீட்டுங்கள். பேரங்காடியிலும் இதே வித்தைதான். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம். நூறு கிராமுக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். கைப்பேசியில் கணக்குப் பொறி இருக்கிறது. இல்லையென்றால் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைப் போடச் சொல்லுங்கள். அவனுக்கு அது பயிற்சி, உங்களுக்கு இலாபம்.

எல்லைக்குப் போகலாமா?

பட்டணத்துக்கு வந்த புதிதில் அக்கம்பக்கத்தார், "பாடாங் பெசார் போனா எல்லாம் மலிவு" என்பார்கள். போகலாம், தவறில்லை. சுங்கைப் பட்டாணியிலிருந்து கொமுட்டர் ரயில் நேரே பாடாங் பெசாருக்குப் போகிறது. மலேசியப் பக்கத்துக் கடைத்தொகுதியில் வாங்குவதற்குக் கடப்பிதழ் தேவையில்லை. துணிமணி, பாய், போர்வை, பாத்திரம் எல்லாம் அங்கேயே பார்க்கலாம். எல்லையைத் தாண்டி ஹட்யாய்க்கோ, சொங்க்லா கடற்கரைக்கோ போவதென்றால்தான் கடப்பிதழ். அங்கே மணி நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும் ரயிலைப் பிடிக்க இதை நினைவில் வையுங்கள். சொன்ன விலையை அப்படியே கொடுக்காமல் சிரித்த முகத்தோடு குறைத்துக் கேளுங்கள். பாட் கணக்கை வெள்ளிக்கு மாற்றிப் பார்த்த பிறகு வாங்குங்கள். ரயில் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் சேர்த்து இலாபம் வருகிறதா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்கு முன் போனால் உல்லாசம். மாதந்தோறும் போனால் செலவு.

தவணைக் கடை

இனி அந்தத் தாயின் இரண்டாவது கேள்வி. சம்பளம் வரும் வரை யார் கொடுப்பார்? பட்டணத்தில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுதான் ஆபத்து.

நானே பட்ட பாட்டைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில், முன்பணம் வேண்டாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு கடையில் குளிர்பதனப் பெட்டி எடுத்தேன். மாதம் 80 வெள்ளிதானே என்று சந்தோஷம். எத்தனை மாதம் என்று வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தேன். இரண்டு ஆண்டு. 1,200 வெள்ளிப் பெட்டிக்கு 1,920 வெள்ளி. பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார், கடையில் நின்று பெருக்கிப் பார்க்கவில்லை. என் மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி ரொக்க விலை எவ்வளவு, தவணைக் கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும். ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

விளக்குக் கம்பத்தில் தொலைபேசி எண் ஒட்டிக் கடன் தருவதாகச் சொல்கிற ஆ லோங் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். மாதத்துக்கு அவ்வளவு கேட்பவரிடம் உங்களுக்கு என்ன வேலை? அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் யாரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள்.

கடையில் ஏமாற்றப்பட்டால், "நாம ஏழைங்க, நமக்கு யாரு கேப்பா" என்று விட்டுவிட வேண்டாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள்.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் நின்ற இடத்தில் சொல்ல முடியவில்லை. மேசை இழுப்பறையில் ஒரு 555 புத்தகம் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"பட்டணத்துலயும் இது உண்டா சார்?"

"உண்டும்மா. இதுவரைக்கும் கடைக்காரர் எழுதினாரு. இனிமே நீங்க எழுதணும். எது வாங்கினாலும், எங்கே வாங்கினாலும், என்ன விலைன்னு அன்னிக்கு ராத்திரியே எழுதிடுங்க. எழுத முடியலேன்னா மகளை எழுதச் சொல்லுங்க."

போன வாரம் அந்தப் பிள்ளை தன் தோழிகளைப் பார்க்கப் பள்ளிக்கு வந்திருந்தாள். புத்தகத்தை எனக்குக் காட்டுவதற்கென்றே கொண்டுவந்திருந்தாள். குண்டு குண்டான எழுத்தில் தேதி, சாமான், விலை. மாதக் கடைசியில் கோடு போட்டு மீதி 23 வெள்ளி என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய புத்தகத்தில் 'மீதி' என்ற சொல்லை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தாய்மார்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு புத்தகம் இருக்கட்டும். அதை எழுதுகிற கை உங்கள் கையாக இருக்கட்டும்.