டிரெய்லரில் வந்த ராஜாக்களும் ரோட்டில் வந்த ஹெரால்டும்

முதலில் ஒரு கேள்வி. 700 கிலோமீட்டர் ஓடி வந்த கார் பெரிசா, 700 மீட்டர்கூட ஓடாமல் லாரி முதுகில் ஏறி வந்த கார் பெரிசா?

"இதென்னடா கேள்வி, ஓடினதுதான் பெரிசு" என்று நீங்கள் சொன்னால் நீங்கள் சாதாரண மனுஷர். பழைய கார் சங்கம் எதிலும் உங்களை நடுவராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் :-)

கதைச் சுருக்கம் இதுதான். கடந்த ஜனவரியில் எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டை நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று அகில இந்திய அளவில் நடத்திய சந்திப்பு. சங்கத்தின் பெயர் வேண்டாம். என் சண்டை ஒரு சங்கத்தோடு இல்லை, ஒரு புத்தியோடு.

கார் 1968 மாடல். பாட்டா தோவாளையில் பூ வியாபாரம் செய்தவர். 1974-ல் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு பிச்சிப்பூ மூட்டை ஏற்றியிருக்கிறார். சீட்டைத் திரும்ப மாட்டி ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணக் காராக விட்டிருக்கிறார். என் சித்தப்பா பிறந்ததே இந்த வண்டியில்தான் என்று ஆச்சி சொல்வாள். (சித்தப்பா மறுப்பார்.) இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அப்பா அதில்தான் வடசேரிச் சந்தைக்குப் போவார்.

ஹெரால்டு என்றால் என்ன என்று கேட்கும் என் வகுப்புத் தோழர்களுக்காக ஒரு பாரா. லைசென்ஸ் ராஜ்ஜியக் காலத்தின் பெரும்பகுதியில் இந்தியாவில் கார் செய்தவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. அம்பாசிடரைத் தெரியும், பத்மினியைத் தெரியும், சொந்த மாநிலத்தில் செய்த காரைத் தெரியாது! 1959-ல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஹெரால்டு என்று வந்த வண்டி இது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்தது. 948 சிசி எஞ்சின். முன்பக்கம் முழுவதையும் அப்படியே முன்னால் சாய்த்துத் திறக்கலாம். கோட்டாறு கம்போளத்திலேயே யூ-டர்ன் அடிக்கலாம், அவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்பும். இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவு. அத்தை, மாமா, பிள்ளைகள் என்று ஏறுகிற நம் குடும்பத்துக்கு அது சரிப்படாது என்று நாலு கதவு வைத்து மாற்றியது நம் ஸ்டாண்டர்டு கம்பெனி. நாலு கதவு ஹெரால்டு என்பது தமிழ்நாட்டுச் சரக்கு. அதிலிருந்தே கெஸல் வந்தது, 1977 வரை ஓடியது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, மூன்று வருஷத்தில் கையைச் சுட்டுக்கொண்டு உற்பத்தியையே நிறுத்தினார்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். அப்பா ஸ்டியரிங். நான் பின் சீட். முன்னால் ஆசான். ஆசான் என்றால் எங்கள் மெக்கானிக். வயது 71. பாட்டா காலத்தில் இருந்து இந்த வண்டியைத் தொட்ட ஒரே கை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறதே, பழைய ரப்பருக்கு அது ஆகாது என்று கிளம்புவதற்கு முன்பே பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயாஃப்ரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். பழைய டைனமோ ராத்திரி ஹெட்லைட்டுக்குத் திணறும் என்று பத்து வருஷத்துக்கு முன்பே மாருதி 800-ன் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியிருந்தார். நாலு வழிச்சாலையில் போகிறோம் என்று நான் அடம்பிடித்து சீட் பெல்ட் போட வைத்தேன்.

விடிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. அப்பா ஐம்பதைத் தாண்டவே இல்லை. மதுரை தாண்டி, விராலிமலைக்கு முன்னால், ஆசான் மூக்கைச் சுளித்தார். "லேய் மக்கா, நிறுத்துலே. வண்டிக்கு இளைக்கி." நிறுத்திப் பார்த்தால் ரேடியேட்டர் ஹோஸ் நுனியில் வெடித்திருந்தது. வெடித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை இழுத்து மாட்டிக் கிளிப் போட்டார். இருபது நிமிஷம். திருச்சியில் ராத் தங்கல்.

மறுநாள் வண்டலூர் தாண்டியதும் பெருங்களத்தூரில் ஆசான் ஓரம் கட்டச் சொன்னார். ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த இடம். இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. "இங்கதான்லா இது பொறந்துச்சு" என்றார். அப்பா இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஐ.டி. பையன்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மைதானத்துக்குப் போனோம். அங்கேதான் எனக்கு எரிச்சல் ஆரம்பித்தது.

வரிசையாக மூடிய டிரெய்லர்கள். அதிலிருந்து ராஜா காலத்து வெளிநாட்டுக் கார்கள் இறங்கின. ஒன்றை நாலு பேர் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். பேட்டரி கனெக்‌ஷனே கொடுக்கவில்லையாம். பெயின்ட்டில் முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம். அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன், வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் நடுவர் எங்கள் வண்டியிடம் வந்தார். பேடில் எழுதினார். ஆல்டர்னேட்டர், ஒரிஜினல் இல்லை, மார்க் கட். டயர், ஒரிஜினல் இல்லை, மார்க் கட். சீட் பெல்ட்டுக்கும் கட். கூரையில் இருக்கும் சிராய்ப்புக்குக் கட். அது பூக்கூடை கட்டிய கயிறு அறுத்த தழும்பு. எங்கிருந்து எப்படி வந்தீர்கள் என்று கேட்க அந்தப் பேடில் கட்டமே இல்லை.

கடைசியில் முதல் பரிசு யாருக்கு என்று நான் சொல்லவும் வேண்டுமா? தள்ளிக்கொண்டு வந்த காருக்குத்தான்.

அதைக்கூட மறந்திருப்பேன். சாப்பாட்டு விஷயத்தை மறக்க முடியவில்லை. ஓனருக்கும் குடும்பத்துக்கும் ஒரு கலர் கைப்பட்டை, ஏ.சி. கூடாரத்தில் பஃபே. டிரைவர், மெக்கானிக்குகளுக்கு வேறு கலர், பார்க்கிங் ஓரத்தில் பொட்டலம். ஆசானை வாசலில் நிறுத்திவிட்டார்கள். "பரவால்ல மக்கா, நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் வண்டிகிட்ட இருக்கேன்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எங்கள் கைப்பட்டைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மூன்று பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார். வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எங்கள் நாஞ்சில் நாடு 1956 வரை திருவிதாங்கூரிலும், கடைசிச் சில வருஷங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில்தான் 1924-ல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்காகப் போராடினார்கள். பிறகு அதே போராட்டம் எங்கள் சுசீந்திரத்துக்கும் வந்தது. சாலை எல்லோருக்கும் பொது என்பதை அடிபட்டுக் கற்றுக்கொண்ட மண். அந்த மண்ணில் இருந்து வந்த 71 வயது மனுஷரை, அவர் உயிர் கொடுத்து வைத்திருக்கும் காரின் திருவிழாவிலேயே, தனிப் பந்தியில் உட்காரச் சொல்கிறார்கள். இதை "ஏற்பாட்டு வசதி" என்றார் ஒருவர். எல்லாத் தனிப் பந்திக்கும் அந்தக் காலத்திலும் அதைத்தானே சொன்னார்கள்?

இனி எதிர்வாதங்கள். நியாயமாகப் பேசுவோம்.

"ஒரிஜினலாக வைத்திருந்தால்தானே அது வரலாறு? ஆளாளுக்கு மாற்றினால் 1968-ல் கார் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?" நல்ல கேள்வி. அதற்குத்தான் மியூசியம். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் மியூசியம் 2015-ல் திறந்தார்கள். அங்கே ராஜா கார் என்று தனி மரியாதை கிடையாது, சாதாரண மக்கள் ஓட்டிய கார்களையும் தொழில்நுட்பத்துக்காகப் பாதுகாக்கிறார்கள். ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை அப்படியே வையுங்கள், கும்பிடுகிறேன். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத நாட்டில், கம்பெனியே மூடிப்போன பிறகு, ஒரு லேத் பட்டறையையும் மாருதி ஆல்டர்னேட்டரையும் வைத்து ஒரு மனுஷர் வண்டியை ஓடவைத்தார் என்பதும் வரலாறு இல்லையா? அதை மார்க் போட்டு அழிக்க நீங்கள் யார்?

"விலை உயர்ந்த பழைய காரை ஹைவேயில் ஓட்டுவது ஆபத்து." லண்டனில் இருந்து பிரைட்டனுக்கு வருஷா வருஷம் ஓர் ஓட்டம் நடக்கிறது. 1896-ல் நடந்த ஊர்வலத்தின் நினைவாக. 1905-க்கு முந்திய கார்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். நூறு வயது தாண்டிய கிழங்கள்! கிட்டத்தட்ட 60 மைல் தன் சக்கரத்தில் ஓடுகின்றன. அது ரேஸ் கிடையாது. நேரத்துக்குள் போய்ச் சேர்ந்த எல்லோருக்கும் மெடல். போய்ச் சேர்வதுதான் பரிசு. நம் நாட்டில் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964-ல் டெல்லியில் ஆரம்பித்ததும் ரேலிதானே? ரேலி என்றால் ஓடவேண்டும் சாமி.

திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மகாராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 1955 மாடல் பென்ஸ் 180 பிரபலம். ஏன் பிரபலம்? பூட்டி வைத்ததாலா? ஓட்டியதால். நிஜ ராஜாவே ஓட்டித் தேய்த்திருக்கிறார். நம் ஆட்கள்தான் ராஜாவை மிஞ்சிய ராஜவிசுவாசிகளாக இருக்கிறார்கள்.

அரசாங்கத்துக்கும் இதே வியாதி. 2021-ல் விண்டேஜ் வாகன விதிகள் வந்தன. 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 'விஏ' என்று தனி நம்பர் தருவார்கள். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும் ரோட்டில் ஏறலாம். வழக்கமாக ஓட்டக்கூடாது. அதாவது அப்பா வடசேரிச் சந்தைக்குப் போய் மீன் வாங்கினால் வண்டி பாரம்பரியம் இல்லை. வேண்டாம், சாதாரண வண்டியாகவே இருக்கட்டும் என்றால், 2025 ஆகஸ்ட்டில் 20 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். 2022-க்கு முன் அது 600 ரூபாய். பாட்டா கார் வைத்திருக்கும் மிடில் கிளாஸ்காரன் என்ன செய்வான்? ஆக்கர் கடைக்குத் தள்ளுவான். (மற்ற ஊர்க்காரர்களுக்கு: காயலான் கடை.) எனக்குத் தெரிந்தே கோட்டாறில் இரண்டு ஹெரால்டு அப்படிப் போயிருக்கிறது.

நம் ஜனங்களுக்கும் ஒரு குட்டு. 2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது ஒப்பாரி. 2023-ல் பம்பாயில் கடைசிப் பத்மினி டாக்சி போனபோது ஒப்பாரி. ஓடிக்கொண்டிருந்தபோது "என்னடா டப்பா வண்டி" என்று ஓவர்டேக் பண்ணியவர்களும் அவர்களேதான். செத்த பிறகு மாலை போடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

குறை மட்டும் சொல்லி ஓடிவிடுகிறான் என்று யாரும் சொல்லக்கூடாது. ஆகவே என் கோரிக்கைகள்:

1. தன் சக்கரத்தில் அதிக தூரம் ஓடி வந்த காருக்கு முதல் பரிசு. மீட்டரைப் பாருங்கள், போதும்.

2. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாத காருக்கு மார்க் கிடையாது. அதற்கு 'சிற்பம்' என்று தனிப் பிரிவு வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒவ்வொரு கார் முன்னால் வைக்கும் பலகையிலும் ஓனர் பெயருக்குக் கீழே மெக்கானிக் பெயர். பரிசு மேடையில் இரண்டு பேரும்.

4. ஒரே பந்தி. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

5. விஏ நம்பர் வண்டிக்கு வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளவு வைத்தாவது சாதாரணமாக ஓட்ட அனுமதி. ஓடாத எஞ்சின் துருப்பிடிக்கும். மெக்கானிக்கல் படிக்கும் எவனையும் கேட்டுப் பாருங்கள்.

6. ஒரு தடவையாவது சந்திப்பைக் கன்னியாகுமரியில் வையுங்கள். காஷ்மீரில் இருந்து வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் வெறும் போட்டோ பாயின்ட். படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஒரு தடவை டிரெய்லர் இல்லாமல் இங்கே வரை ஓட்டி வரட்டும். யார் வண்டி எது என்று தெரிந்துவிடும்.

திரும்பி வரும்போது ஆசானிடம் கேட்டேன். "ஆசானே, உமக்கு வருத்தமில்லையா?" அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கயத்தாறு தாண்டித்தான் பதில் சொன்னார். "அந்தத் தள்ளிக்கிட்டு வந்த வண்டி இருக்குல்லா... நல்ல எஞ்சின் மக்கா. பாவம், அது சத்தம் எப்படி இருக்கும்னு அந்த ஆளுக்கே தெரியாது."

ஆரல்வாய்மொழியில் மறுபடி காற்று. வண்டி வீடு வந்து சேரும்போது ராத்திரி பதினொன்று. போக வர 1400 கிலோமீட்டர், ஒரு ஹோஸ், பரிசு ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு அப்பா வழக்கம்போல அதில்தான் சந்தைக்குப் போனார். சாளை மீன் வாங்கி வந்தார்.

நாற்றம் இன்னும் போகவில்லை. அதுவும் ஒரிஜினல் இல்லைதான். மார்க் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள்.