அரிப்பு நிற்பது வேறு, நோய் தீர்வது வேறு

‘சொறிநாய்’ என்பது நம் ஊரில் வசைச்சொல். உதிர்ந்த முடியையும் தடித்த தோலையும் கண்டவுடன் நாயை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும் வழக்கம் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அரிப்பு நோயுடன் எங்களிடம் வரும் நாய்களுள் சில, வீட்டில் வைத்துக்கொள்வதா வெளியே விட்டுவிடுவதா என்ற பேச்சு எழுந்த பின்னரே அழைத்து வரப்படுகின்றன. இரவெல்லாம் அது சொறியும் ஓசையில் குடும்பத்தினரும் உறக்கமிழந்து சலித்திருப்பர். அந்நிலையில் அவர்கள் கேட்பது ஒன்றே: “ஊசி ஒன்று போட்டு அரிப்பை நிறுத்திவிடுங்கள், டாக்டர்.”

அக்கோரிக்கையை நாங்கள் பல வேளைகளில் மறுப்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் கருதும் ஊசி பெரும்பாலும் நெடுநாள் உடலில் தங்கும் ஸ்டீராய்டு. அரிப்பு விரைவில் அடங்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம்; செலுத்திய ஊசியைத் திரும்ப எடுக்க இயலாது. அடங்கிய அரிப்பின் கீழே நோய் என்னவென்று அறியாமலே நாள்கள் கழிகின்றன.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையொன்றில் காவலுக்கு வளர்ந்த நாய் ஒன்றை மறக்க இயலவில்லை. வேறோரிடத்தில் மும்முறை ஊசி போட்டபின் எங்களிடம் வந்தது. ஒவ்வாமை என்றே அதுவரை கருதப்பட்டிருந்தது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணி. நாயின் மயிர்க்கால்களில் இயல்பாகவே சிறு அளவில் வாழும் இவ்வுயிரியை அடக்கி வைத்திருப்பது உடலின் எதிர்ப்பாற்றலே. அதைத் தளர்த்தினால் சிற்றுண்ணி பெருகும். தணிக்கப் போட்ட ஊசியே நோயை வளர்த்திருந்தது. ஸ்டீராய்டை நிறுத்தி, சிற்றுண்ணிக்குரிய மருந்தைக் கொடுத்து, முடி முளைக்க மாதங்கள் ஆயின.

ஆலைத் தூசியே காரணம் என்று இவ்வூரில் பலர் தாமே முடிவு செய்துவிடுகின்றனர். தானியத்திலும் பழைய தீவனத்திலும் பெருகும் சிற்றுண்ணிகள் சில நாய்களுக்கு ஒவ்வாமை தருவது மெய்யே. எனினும் நாங்கள் முதலில் தேடுவது தெள்ளுப்பூச்சியை. அதன் உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்குச் சில கடிகளே போதும். அடுத்து ஸ்கேபிஸ் சொறி. அது மனிதரையும் பற்றும். வீட்டில் எவருக்கேனும் அரிப்பு உண்டா என்று நாங்கள் கேட்பது அதனால்தான். பாக்டீரியா, ஈஸ்ட் தொற்றுகளையும் பார்க்க வேண்டும். உணவே காரணமோ என்ற ஐயம் இருப்பின், குறிப்பிட்ட ஓர் உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கிறோம். அந்நாள்களில் பாட்டி இரக்கப்பட்டு ஊட்டும் ஒரு பிஸ்கட்டும் சோதனையைக் கெடுக்கும்.

இவையனைத்தும் இல்லையென்று தெளிந்து, வாழ்நாள் ஒவ்வாமை என உறுதியானால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துக்கு நாங்கள் தயங்குவதில்லை. வளர்ப்போர் அப்போதுதான் தயங்குகின்றனர். சைக்ளோஸ்போரின் என்ற பெயரைக் கேட்டதும், “சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுப்பதாயிற்றே!” என்று திடுக்கிடுவோர் உண்டு. ஆம், அதே மருந்துதான். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்டு, மாற்றுறுப்பை உடல் ஒதுக்காமல் காப்பதற்குப் பயன்பட்ட அது, 2003இல் அமெரிக்காவில் நாய்களின் ஒவ்வாமைத் தோல்நோய்க்கும் ஒப்புதல் பெற்றது. வழக்கமான தொடக்க அளவு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ இரண்டு மணி நேரம் பின்னரோ தருவது நன்று. தொடக்கத்தில் வாந்தியோ கழிச்சலோ வரலாம். முழுப்பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளில் “பயனில்லை” என்று நிறுத்துவோரே எங்களுக்குப் பெருங்கவலை. வீட்டில் எவரேனும் உட்கொள்ளும் மாத்திரையை எடுத்துத் தருவதும் கூடாது. இம்மருந்தின் எல்லா வகைகளும் உடலில் ஒரே அளவில் சேர்வதில்லை.

2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஓக்லாசிட்டினிப் ஒரு நாளுக்குள்ளேயே அரிப்பைத் தணிக்கும். ஆயினும் ஓராண்டு நிறையாத குட்டிகளுக்கும், கடுந்தொற்று உள்ள நாய்களுக்கும் அது உரியதன்று. பிரெட்னிசோலோனுக்கும் இடமுண்டு, மலிவானது, விரைந்து வேலை செய்வது. அதைக் குறுகிய காலத்துக்கு, கணக்கிட்டுத் தருகிறோம். தாகமும் பசியும் மிகும், சிறுநீர் அடிக்கடி போகும். திடீரென நிறுத்தலாகாது.

செலவையும் மறைக்க விரும்பவில்லை. முப்பது கிலோ லாப்ரடாருக்கு மாதந்தோறும் சைக்ளோஸ்போரின் வாங்குவது பல குடும்பங்களுக்கு இயலாத காரியம். நோய் கட்டுப்பட்டபின் பல நாய்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாகவும், சிலவற்றுக்கு வாரம் இருமுறையாகவும் குறைக்க முடிகிறது. இயலாதென்றால் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். குறைந்த அளவு பிரெட்னிசோலோனுடன் குளியல், தெள்ளுத் தடுப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சமாளிக்கும் வழியைப் பார்ப்போம். சொல்லாமல் மருந்தை விட்டுவிடுவதால் நாய்தான் மீண்டும் வாசலுக்கு வெளியே போகிறது.

இம்மருந்துகளை உட்கொள்ளும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலின் அறிகுறி தென்பட்டால் அடுத்த முறைக்குக் காத்திராமல் அன்றே கொண்டு வாருங்கள். எந்தத் தடுப்பூசிக்கு முன்னரும், அது உட்கொள்ளும் மருந்தின் பெயரை எழுதி எடுத்து வாருங்கள்.