தகுதித் தேர்வோடு முடியுமா ஆசிரியர் தகுதி?

ஆசிரியராக வேண்டும் என்ற கனவோடு திருச்சியில் பி.எட். படிக்கும் இளைஞர்களை இந்த நகரம் எதற்குத் தயார்படுத்துகிறது? தேர்வுக்கா, வகுப்பறைக்கா?

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரின் மகள், ஸ்ரீரங்கத்தில் கோயில் வாசலில் பூ விற்கும் தாயின் மகன், கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளரும் சிறுமி, துவாக்குடி தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்த வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளை. இவர்கள் அத்தனை பேரும் இந்தத் திருச்சியின் மாணவர்கள்தான். வீட்டில் பேசும் மொழி வேறு, படிக்கக் கிடைக்கும் நேரம் வேறு, எழுத்துக் கூட்டும் வேகமும் வேறு. இவர்களை ஒரே பாடக்குறிப்பால் கரையேற்ற முடியாது.

இதை அரசு உணராமல் இல்லை. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. சரியான பாதை அது. ஆனால், அந்தப் பாதையில் நடத்திச் செல்ல வேண்டிய ஆசிரியரின் பயிற்சி இன்னும் மாறவில்லை. 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளிக் களத்துக்கு உரியவை. அந்த வாரங்கள் பெரும்பாலும் ரெக்கார்ட் நோட்டு எழுதுவதிலும், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதிலுமே கரைகின்றன.

ஆசிரியர் தகுதித் தேர்வே போதும் என்பார் உண்டு. 150 மதிப்பெண்ணுக்கான கொள்குறி வினாத்தாள் பாட அறிவைச் சோதிக்கும், அது தேவையும்கூட. ஆனால் தமிழ் தெரியாமல் கடைசி பெஞ்சில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பேசவைக்கும் திறனை எந்த வினாத்தாளும் அளக்காது. தாய்மொழியில் கற்பிப்பதை இயன்றவரை உறுதிசெய்யச் சொல்லும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அந்தக் குழந்தைக்கும் பொருந்தும்.

மாற்றுத்திறன் மாணவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றும், அவர்களுக்கு நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்க வேண்டும் என்றும் 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்திலோ அவர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறார்கள். தன் வேலையே நிலையில்லாதவரிடம், தளராத பொறுமையை எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

செய்ய வேண்டியவை மூன்று. பி.எட். களப்பயிற்சியின் பெரும்பகுதி, பலதரப்பட்ட பிள்ளைகள் பயிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் நடக்க வேண்டும். அந்தப் பயிற்சியில், பின்தங்கிய ஒரு மாணவனைப் பயிற்சி மாணவர் எவ்வளவு முன்னேற்றினார் என்பதற்கே மதிப்பெண் தர வேண்டும். புதிதாகப் பணியில் சேர்பவருக்கு முதல் ஆண்டு முழுவதும் அனுபவமிக்க ஓர் ஆசிரியர் துணைநிற்க வேண்டும்; பள்ளித் தகவல்களை ‘எமிஸ்’ இணையதளத்தில் பதிவேற்றும் சுமையிலிருந்து அந்தப் புதியவர் விடுபட வேண்டும். சிறப்புப் பயிற்றுநர்களைப் பணிநிரந்தரம் செய்ய வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பள்ளிக்கல்வித் துறையும் கல்வியியல் கல்லூரிகளும் அடுத்த கல்வியாண்டிலேயே, திருச்சியிலேயே இவற்றைத் தொடங்கட்டும்.