நெட்ஷ் கூட்டிவந்த ஆள்

நொய்டாவில் ராத்திரி ஷிஃப்டில் லாக் பார்ப்பதுதான் எனக்குப் பொட்டி தட்டும் பிழைப்பு. ஊரில் அம்மாவிடம் "கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கா இத்தனை படிப்பு என்று இன்னமும் கேட்கிறார். போன குளிர்காலத்துக்கு அப்புறம் எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு வாடிக்கையாளர் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கும் மெஷினில் மால்வேர். ஃபைலைப் பிடித்து அழித்தோம். ரன் கீ, ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ஷெட்யூல்டு டாஸ்க், சர்வீஸ் எல்லாம் பார்த்தோம். 'க்ளீன்' என்று எழுதி டிக்கெட்டை மூடியது அடியேன்தான். ஒன்பதாம் நாள் அதே மெஷின் அதே வெளி முகவரியோடு பேச ஆரம்பித்தது. எல்லோரும் ஙே என்று விழித்தோம். மெஷினைப் பிடுங்கி வைத்ததில் அந்த மாதச் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனது. வாடகையும் இஎம்ஐயும் கட்ட வேண்டியவர்களுக்கு இரண்டு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஒளிந்திருந்த இடம் நெட்ஷ். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே கூட வரும், நெட்வொர்க் செட்டிங்கை கமாண்டில் மாற்றுகிற சாதாரணக் கருவி. இதற்குப் புது வேலை கற்றுக்கொடுக்க ஹெல்பர் டிஎல்எல் என்று ஒன்றைச் சேர்க்கலாம். 'நெட்ஷ் ஆட் ஹெல்பர்' என்று அடித்து டிஎல்எல் பெயரைக் கொடுத்தால், ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கேஎல்எம், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், நெட்ஷ் என்ற கீயின் கீழ் அது பதிவாகிவிடும். அப்புறம் யார் நெட்ஷைத் திறந்தாலும் அந்த டிஎல்எல்லும் கூடவே ஏறும். ஓடுவது மைக்ரோசாஃப்ட் கையெழுத்துள்ள புரோகிராம், அதனால் ஆன்டிவைரஸ் பல நேரம் கண்டுகொள்ளாது. எங்கள் சொசைட்டி வாட்ச்மேன் பீட்சா கொண்டுவருபவனை நிறுத்தி ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவார். தெரிந்த வேலைக்காரம்மாவோடு வருபவரை யாரென்று கேட்க மாட்டார். அந்தக் கதைதான்.

நெட்ஷ் தானாக ஓடாதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சில விபிஎன் மென்பொருள்கள் ஒவ்வொரு முறை இணையும்போதும் ரூட் மாற்ற நெட்ஷைக் கூப்பிடும். அந்த அக்கவுண்டன்ட் அம்மா தினமும் காலையில் விபிஎன் போட்டு வேலையைத் தொடங்க, கூடவே இதுவும் எழுந்துகொண்டது. மிட்டர் அட்டாக் பட்டியலில் டி1546.007 என்று எண் போட்டு வைத்திருக்கிற பழைய வித்தைதான். எனக்கும் படித்த ஞாபகம் இருந்தது. படித்தது வேறு, பார்த்தது வேறு.

என் கோபம் மால்வேர் எழுதினவன் மேல் இல்லை, அவன் ஆணியை அவன் பிடுங்கினான். அந்த மெஷினில் சிஸ்மான் இருந்தது. ரெஜிஸ்ட்ரியில் யாராவது மதிப்பை எழுதினால் 13 என்ற எண்ணில் ஒரு நிகழ்வைப் பதியும். இந்தக் கீயையும் அது பதிந்திருந்தது! ஆனால் லாக் சேகரிக்கும் கருவிக்கு ஜிபி கணக்கில் காசு என்பதால், 13ஐ மொத்தமாக வடிகட்டி எறிந்திருந்தோம். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக்கை பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆடிட்டர் வந்தால் பெருமையாகக் காட்டுவோம். எதை வைத்திருக்கிறோம் என்று நாங்களும் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கமாண்ட் லைனில் 'ஆட் ஹெல்பர்' வருகிறதா என்று பார்த்தால் போதாதா என்றார் ஒரு சீனியர். போதாது. அட்மின் உரிமை கிடைத்தவன் நெட்ஷைத் தொடாமலே ரெஜிஸ்ட்ரியில் நேராக எழுதலாம். இங்கே நடந்ததும் அதுதான். எப்படி எழுதினாலும் 13 பதியும். சிஸ்மான் இல்லாதவர்களுக்கு விண்டோஸ் செக்யூரிட்டி லாகிலேயே 4657 இருக்கிறது. ஆனால் ரெஜிஸ்ட்ரி ஆடிட்டிங்கைத் திறந்து, அந்தக் கீயின் மேல் ஆடிட் விதியும் போட்டால்தான் வரும். பல இடங்களில் யாரும் போடுவதில்லை.

இந்தக் கீ லேசில் மாறுகிற இடமும் இல்லை. சுத்தமான மெஷினில் ஐஎஃப்மான், ராஸ்மான்டர் மாதிரி கொஞ்சம் பெயர்கள், பெரும்பாலும் வெறும் ஃபைல் பெயராக இருக்கும். அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வந்தால் மணி அடிக்கச் சொன்னால் போதும். ப்ரோகிராம்டேட்டா என்று முழுப் பாதையோடு வந்தால் சந்தேகமே வேண்டாம். சிஸ்டம்32க்குள் இருந்தாலும் டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். நெட்ஷ் வேறு புரோகிராமைப் பெற்றெடுத்தாலோ, வெளி முகவரியோடு பேசினாலோ, அதுவும் கேள்வி கேட்க வேண்டிய விஷயம்.

"டி1546ல் பத்துக்கு மேல் வகை இருக்கு, ஒவ்வொன்றுக்கும் இப்படிப் போட முடியுமா?" என்றார் மேனேஜர். முடியும் சார், வாரம் ஒன்று என்றேன். கோடிக்கணக்கில் டூல் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, ஒரு வரி விதிக்கு மட்டும் வருகிறது.

வடிகட்டியில் அந்த ஒரு கீக்கு மட்டும் வழிவிட அனுமதி கிடைக்க மூன்று வாரம் ஆனது. இதுவரை வந்தது ஒரே ஒரு அலர்ட், சோதித்துப் பார்க்க நானே போட்டது. ராத்திரி ரெண்டே காலுக்கு அது திரையில் சிவப்பாக வந்தபோது, நானே போட்டதென்று தெரிந்தும் வயிற்றைப் பிசைந்தது.